வாசகசாலை கம்ப்யூட்டரும் ஐந்து பேர் கூட்டமும்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். தனியார் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேபில் எனக்கு வேலை. கல்லூரியில் கழித்துப்போட்ட பழைய மெஷின் ஒன்றை வாங்கி எங்கள் லாஸ்பேட்டை குடியிருப்போர் சங்கத்து வாசகசாலையில் வைத்தால், தெருக்காரர்கள் காசில்லாமல் இன்டர்நெட் பார்க்கலாமே என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். கை தட்டினார்கள். "நீயே செஞ்சு குடும்மா" என்றார்கள்.

மெஷினில் லினக்ஸ் போட்டேன். அதற்குக் காசு கிடையாது, வைரஸ் தொல்லையும் கிடையாது. ஸ்விட்சைப் போட்டால் நேரே பிரவுசர் வந்து திரை முழுக்க நிற்கவேண்டும். அதை மூட முடியாது, வேறு எதையும் திறக்க முடியாது. ஒருவர் எழுந்து போனதும் அவர் பார்த்ததெல்லாம் அழிந்து, அடுத்தவருக்கு முதல் பக்கம் வரவேண்டும். சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்குள் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நாசமாய்ப் போயின. போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சங்கச் செயலாளரைத்தான் பொறுக்க முடியவில்லை. அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை யாரிடமும் ஒரு காபி வாங்கிக் குடித்ததில்லை என்பார்கள். நேர்மையான மனுஷன்தான், ஆனால் அந்த நேர்மையை வைத்துக்கொண்டு அடுத்தவர் பிராணனை எடுப்பார்.

"கண்ட கண்ட சைட்டெல்லாம் வரக்கூடாது. கமிட்டி தீர்மானம் போட்ட சைட்டு மட்டும்தான் தொறக்கணும்" என்றார். புதிதாக ஒரு தளத்தைச் சேர்க்க வேண்டுமானால் ரகசியச் சொல் தேவை. அந்தச் சொல்லை அவரே வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தாலும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் தட்டுவார்.

கமிட்டி மாதம் ஒருமுறை கூடும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், மொத்தம் ஐந்து பேராவது இருக்கவேண்டும். முதல் மாதம் ஒரு செய்தித்தாளின் தளத்தை ஏகமனதாக நிறைவேற்றினார்கள். திறந்தால் செய்தி வந்தது, படங்கள் வரவில்லை. படங்கள் வேறொரு முகவரியிலிருந்து வருகின்றன, அதையும் சேர்க்கவேண்டும் என்றேன். "அப்படின்னா அடுத்த மாசம் அதுக்குத் தனியா தீர்மானம் போடலாம்" என்றார். ஒரு மாதம் முழுக்க எங்கள் தெரு படமில்லாத பேப்பர் படித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மானிட்டரைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

மறு வருஷம் ஊரில் பந்த். அன்றைக்குத்தான் செயலாளரின் மகளுக்கு நர்சிங் சீட்டை உறுதிசெய்யக் கடைசி நாள். முதல் நாள் இரவுதான் பட்டியலே வந்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் தளத்தில் போய்ச் சம்மதம் கொடுக்காவிட்டால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிரவுசிங் சென்டர், கடை, பஸ் எல்லாம் அடைப்பு. தெரு வீடுகளில் அப்போது இன்டர்நெட் கிடையாது. அப்பாவும் மகளும் என்னை அழைத்துக்கொண்டு வாசகசாலைக்கு வந்தபோது மணி இரண்டு. முகவரியைத் தட்டினேன். அனுமதி இல்லை என்று வந்தது.

"பாஸ்வேர்டைப் போடுங்க சார். ரெண்டு நிமிஷ வேலை."

அவர் அசையவில்லை. "தீர்மானம் இல்லையேம்மா."

"அப்பா, போடுப்பா" என்றாள் மகள்.

"நாளைக்கு எவனாவது சொந்தப் பொண்ணுக்குன்னா தொறந்துட்டான்னு சொல்லிட்டா?" என்றார். கை விசைப்பலகை பக்கமே போகவில்லை. இப்படியும் ஒரு ஜென்மமா என்று நினைத்தேன்.

பிறகு அவரே சைக்கிளை எடுத்தார். அவசரக் கூட்டம் போடுகிறாராம். வெயிலில் தெருத்தெருவாகப் போய் மூன்று பேரைப் பிடித்து வந்தார். அவரோடு நான்கு. மற்றவர்கள் வெளியூரில், பஸ் இல்லாமல் எப்படி வருவார்கள்? கமிட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒருவர், மூன்றாவது தெரு பஸ் டிரைவர். பந்த் என்பதால் வீட்டில்தான் இருப்பார். ஆனால் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை.

காரணம் எனக்கும் தெரியும். முந்தின மழைக்காலத்தில் ஒரு புயல் நாளில் அவர் தன் மகனோடு இதே வாசகசாலைக்கு வந்திருந்தார். வேலைக்கு விண்ணப்பிக்க மகனுக்கு அன்றுதான் கடைசி நாள். அன்றும் ஊரே அடைப்பு. அன்றும் நான்தான் பாஸ்வேர்டைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "அடுத்த கூட்டத்துல வச்சுப் பேசலாம்" என்று செயலாளர் கதவைப் பூட்டிவிட்டார். அந்தப் பையன் இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்குகிறான்.

மணி நான்கைத் தாண்டியது. மகள் மேசையில் தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். செயலாளர் எழுந்தார். தனியாகப் போக அவருக்குக் கால் வரவில்லை போலிருக்கிறது, "நீயும் வாம்மா" என்றார். டிரைவர் வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது ஒருதடவைகூட நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டிரைவர் உள்ளே போனார். போச்சு என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வாங்க" என்று எங்களுக்கு முன்னால் நடந்தார்.

தீர்மானத்தை நானே சொன்னேன். 'இத்தளமும் இதைச் சார்ந்த எல்லா முகவரிகளும்' என்று சேர்க்கச் சொன்னேன். மறுபடி படமில்லாத கதை வேண்டாம். முன்மொழிவது யார் என்று செயலாளர் கேட்டதும், "நான் முன்மொழியுறேன், எழுதுங்க" என்றார் டிரைவர். செயலாளர் ரகசியச் சொல்லைத் தட்டினார். இந்தத் தடவை என்னைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை. பக்கம் ஆடி அசைந்து திறந்தது. பெண் தன் விண்ணப்ப எண்ணைப் போட்டுச் சம்மதம் கொடுத்தாள். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், இடம் உறுதி என்று திரையில் வந்தது. அவள் டிரைவரின் காலில் விழப் போனாள். அவர் பிடித்து நிறுத்தி, "நல்லா படிம்மா" என்றார்.

செயலாளர் கும்பிட்டார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நன்றியெல்லாம் இன்னாத்துக்கு சார்" என்றார் டிரைவர். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எம் புள்ளைக்கும் இந்த மாதிரி ஒருதபா சைக்கிள எடுத்திருக்கலாம் நீங்க. அன்னைக்கு மழ. அஞ்சு பேரும் ஊட்லதான் இருந்தோம்."