நண்பன் வெட்டிய பாரை

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவன் இப்போது கடல் விஞ்ஞானி. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் மீன்களையும் முருகைக் கற்கள் என்கிற பவளப் பாறைகளையும் பற்றி ஆராய்கிறான். நான் திருகோணமலையில் எங்கள் கரையின் மீனவர் சங்கச் செயலாளர். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் கடிதத்துக்குக் கையெழுத்து வைப்பதும்தான் வேலை. ஆனால் என் கதையைக் கேட்டால் கடலையே நான்தான் கட்டி மேய்க்கிறேன் என்று நினைப்பீர்கள்.

போன வருடம் அவன் தொலைபேசியில் கேட்டான். "உங்கட கரையில இன்னும் வெடி போட்டு மீன் பிடிக்கிறாங்களா? உண்மையைச் சொல்லு மச்சான், நான் இதை ஒரு கட்டுரையில எழுதப்போறன்."

"சீ, அதெல்லாம் எப்பவோ நிண்டுட்டுது. நாங்கள் விடுவமா?" என்றேன்.

பச்சைப் பொய். வெடி போட்டால் முருகைக் கல்லும் போகும், குஞ்சு மீனும் போகும் என்று சங்கத்தில் முழங்குகிறவன் நான். வெடி போடுகிறவர்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி. அவன் தரும் மீனைத் தின்கிறவனும் நான்தான். அவனுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன்: எங்கள் வீட்டுக்கு மீன் வெட்டித் துண்டாகத்தான் வரவேண்டும். வெடியில் செத்த மீனின் வயிற்றைத் திறந்தாலே தெரிந்துவிடும். மனைவிக்குக்கூட அது தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

நண்பன் என் சொல்லை நம்பி எழுதினான். வெடியை விட்டுத் திருந்திய கரை என்று எங்களைக் குறிப்பிட்டிருந்தானாம். பிறகு ஒரு சனிக்கிழமை நேரிலேயே வந்தான், ஞாயிறு பின்னேரம் பஸ்ஸில் திரும்புவதாக. சனி முழுக்கப் பழைய கதையும் சிரிப்புமாகப் போனது. நான் சொன்ன பொய் எனக்கே மறந்துபோயிற்று.

ஞாயிறு காலை மனைவியின் தம்பி வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பெரிய பாரை, முழு மீனாக. வெளிநாட்டு விருந்தாளிக்குத் துண்டு மீனா கொண்டுவருவது? எங்கள் பக்கத்தில் அது மரியாதையில்லை. அவன் அதைத் தூக்கிக் காட்டிய பெருமையைப் பார்த்தபோது அவனை ஏசவும் மனம் வரவில்லை.

"நீங்கள் இருங்கோ அண்ணா, நான் வெட்டுறன்," என்றாள் மனைவி.

"இதுதானே தங்கச்சி என்ர தொழில்," என்று நண்பன் சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்தான். நான் பின்னால் ஓடினேன். "விடு மச்சான், கை நாறும்," என்றேன். ஒரு மீன் விஞ்ஞானியிடம் இதைவிட மடத்தனமாக யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

வயிற்றைத் திறந்தான். உள்ளே காற்றுப்பை கிழிந்து கிடந்தது. முள்ளின் ஓரமாக இரத்தம் கட்டியிருந்தது. அவன் விரல் அந்த இடத்தில் சற்று நின்றது. பிறகு மீனைக் கழுவி, அளவாகத் துண்டுபோட்டு, கையையும் கழுவினான். மத்தியானம் கறி நல்லாயிருக்கு என்று மனைவியிடம் சொல்லி இரண்டாம் முறையும் சோறு வாங்கினான்.

பஸ் நிலையத்தில், நாங்கள் இரண்டு பேரும் தனியாக நின்றபோதுதான் கேட்டான். "எவ்வளவு காலமா நடக்குது?"

"என்னது?" என்றேன்.

அதுதான் என் வாயில் வந்தது. ஓம், பொய் சொல்லிப்போட்டன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவேண்டும் என்றுதான் என் மனைவி இல்லாத இடமாகப் பார்த்து அவன் கேட்டிருக்கிறான். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, ஒண்டுமில்ல," என்று தோளில் தட்டிவிட்டு ஏறினான். வெட்கத்தில் நான் கை காட்டக்கூட இல்லை.

இரண்டு கிழமை கழித்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "எழுதினதைத் திருத்திப்போட்டன். சரியா விசாரிக்காமல் எழுதினது என்ர பிழை எண்டு போட்டிருக்கிறன். உன்ர பேர் ஒரு இடத்திலயும் வராது. யோசிக்காத."

பிழை என்னுடையது என்று எழுதத் தொடங்கினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன்.