அக்காவின் விரல்களுக்கு லீவு

எழுபதாவது வயது எங்கள் பக்கத்தில் ஆண்களுக்குத்தான் விழா. ஐயர் வருவார், ஹோமம் வளர்ப்பார், பழைய மனைவிக்கே புதுத் தாலி கட்டச் சொல்வார். பெண்ணுக்கு எழுபது ஆனால் மூட்டுவலித் தைலப் போத்தல் பெரிதாகும், அவ்வளவுதான். அக்காவுக்கு எழுபது நெருங்கியபோது இந்த ஏற்பாட்டில் எனக்குச் சம்மதமில்லை. என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். சேலை என்பாள், மிஞ்சிப் போனால் கதிர்காமம் என்பாள் என்று நினைத்தேன்.

"பிளேன்ல போகணும்," என்றாள்.

"எங்க?"

"எங்கயா இருந்தா என்ன? குவைத்துக்குப் போனவ, டுபாய்க்குப் போனவ, எல்லாத்தையும் ஏத்தி விட்டுட்டு வந்துட்டேன். கை காட்டிக் காட்டியே தோள்பட்ட போச்சு. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அங்கிட்டு ஒரு தடவ நான் போகணும்."

எங்கள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் போவதில்லை, வேன் போகும். பயணி ஒருவர், வழியனுப்புகிறவர்கள் ஒரு லயம், அதாவது ஒரு வரிசை வீடு முழுக்க. புளிச்சோற்றுப் பொட்டலம், வாந்திக்குத் தேசிக்காய், வழியில் உடைக்கத் தேங்காய். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கதவோடு நின்று அழுவார்கள். அழுது முடித்ததும், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று கடற்கரைக்குப் போய்க் கால் நனைத்துவிட்டுத் திரும்புவார்கள். அக்கா அந்த வேன்களின் நிரந்தர உறுப்பினர்.

"திருச்சிக்குப் போவமா? தாத்தா ஊரு அந்தப் பக்கந்தான்."

"தாத்தாவே வேணாம்னு விட்டுட்டு வந்த ஊரு. அங்க யாரு நம்மள எதிர்பாத்துக்கிட்டு இருக்கா? உசரக் கட்டடம் உள்ள ஊரா பாரு."

ஆகவே மலேசியா என்று முடிவானது.

நான் பதுளையில் ஓர் அரச அலுவலகத்தில் பிரதம எழுதுநராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதிக்கு யாருடைய முத்திரை, முத்திரைக்காரர் எந்தக் கிழமை இருக்கமாட்டார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கலியாணம் செய்யவில்லை, அந்த ஒரு நடைமுறைதான் பிடிபடவில்லை.

அக்கா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். அவள் மலைக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். இதை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் மறந்து தொலைக்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று. அத்தான் இறந்த பிறகு லயத்தை விட்டு, டவுனுக்கு வெளியே நான் கட்டிய வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. எங்களுக்கு மேலே மேட்டில் இருந்த மேல்வீட்டுக்காரரின் சின்னத் தேயிலைத் துண்டில் கைக்காசுக்கு, அதாவது அன்றைய கொழுந்துக்கு அன்றே கூலி என்ற கணக்கில், இன்னும் போய்க்கொண்டிருந்தாள். ஓய்வு என்பது அரசாங்க உத்தியோகத்தருக்கு வரும் ஒரு வியாதி என்பது அவள் எண்ணம்.

கடவுச்சீட்டு எடுக்கப் போனோம். என்னுடையது ஒரு தும்மல் நேரத்தில் முடிந்தது. அக்காவுடைய கோப்பை நான் நீட்டிய ஒழுங்கைப் பார்த்து, கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை ஏதோ மேலிடத்துப் பரிசோதனை என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அக்காவின் விரல்களைக் கருவியின் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. அழுத்தச் சொன்னாள், அக்கா அழுத்தினாள். மெதுவாக வைக்கச் சொன்னாள், வைத்தாள். ஈரத்துணியால் துடைத்தார்கள், உலர்த்தினார்கள், கண்ணாடியையும் துடைத்தார்கள். எந்த விரலும் ஏறவில்லை. நான் அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கப் பார்த்த கைதான். விரல் நுனிகள் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தன. வெடிப்புகளில் மட்டும் கொழுந்துக் கறை கறுப்பாக ஓடியது. ரேகை இருக்க வேண்டிய இடத்தில் ரேகை இல்லை. ஒரு காகிதம்கூட விடுபடாமல் கட்டிக்கொண்டு வந்த நான், விரலை மறந்திருந்தேன்.

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. தோட்டத்து அம்மாக்களுக்கு இப்படி நடப்பதுண்டு என்றாள். வைத்தியரிடம், விரல்களில் ரேகை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வந்தால் மேலே கேட்டுப் பார்க்கலாம் என்றாள். எனக்கு உயிர் வந்தது. கடிதம் என்றால் நான் பார்த்துக்கொள்வேன். வைத்தியரின் பெயர்கூட மனதில் வந்துவிட்டது.

அக்காவுக்குச் சிங்களம் நன்றாகவே புரியும்.

"என்ன இல்லைன்னு எழுதணுமாம்?"

"சும்மா ஒரு நடைமுறைக்கா."

"பத்து விரலு இருக்கு. இந்த விரலு எடுத்த கொழுந்த நிறுத்துப் பாக்கத் தராசு பத்தாது. இல்லைன்னு எழுதி வாங்கிக்கிட்டு நான் எந்த நாட்டுக்கும் வரமாட்டேன். நீ வேணும்னா போயிட்டு வா. நான் வேன்ல வந்து கை காட்டுறேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் பேசிச் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அப்படிச் சொன்னால் அவளிடம் மேன்முறையீடு கிடையாது.

வேறு என்ன செய்யலாம் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். தோல் வளரும்தானே, ஒரு மாதம் கைகளுக்கு வேலை கொடுக்காமல் எண்ணெய் பூசி வைத்துவிட்டு வாருங்கள், சிலருக்கு வந்திருக்கிறது என்றாள். பிறந்தநாளுக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே அறிவித்துவிட்டேன்: இன்றிலிருந்து அக்காவின் விரல்களுக்கு லீவு. கொழுந்து இல்லை, சட்டி பானை இல்லை, உடுப்புக் கழுவுவது இல்லை.

"அப்ப யாரு செய்யிறது?"

"நான்."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

சிரிக்கக் காரணம் இருந்தது. சமையலறைக்கு நான் அதுவரை விருந்தாளி. முதல் நாள் மரவள்ளிக்கிழங்கு உரித்ததில் கிழங்கைவிடத் தோலில்தான் சதை அதிகம் போயிற்று. தேங்காய் துருவினால் சிரட்டையும் சேர்ந்து வந்தது. அக்கா குசினி வாசலில் நாற்காலி போட்டு, இரண்டு கைகளிலும் எண்ணெய் தடவி, நான் காலில் போடும் பழைய பருத்தி மேசோடுகளைக் கையில் மாட்டிக்கொண்டு தோட்டத்துத் துரை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"வெங்காயத்த வெட்டுறியா, இல்ல விசாரண நடத்துறியா?"

"பேசாம இருக்கா."

"கைதான் லீவு. வாய்க்கு யாரு லீவு குடுத்தா?"

சட்டிகளைத் தேங்காய்த் தும்பாலும் சாம்பலாலும் தேய்த்தேன். அவள் சோதித்துப் பார்த்து இரண்டைத் திருப்பி அனுப்பினாள். அலுவலகத்தில் நான் எத்தனை பேருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர்கள் யாரும் இதைப் பார்க்காதது என் அதிர்ஷ்டம். ரொட்டியை அவள் எப்போதும் வெறும் விரலால்தான் கல்லில் திருப்புவாள். பார்க்க இலகுவாக இருக்கும். நானும் திருப்பினேன். அலறல் கேட்டு மேல்வீட்டுக்காரர் வேலிவரை வந்துவிட்டார்.

அவளுக்கு இது என்னைவிடக் கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேலை இல்லாத கை அவளுக்குப் பழக்கமில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். ஒருநாள் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்து பார்த்தால், மேசோடு இரண்டும் தரையில் கிடந்தன. செம்பருத்தி வேலியின் துளிரெல்லாம் ஒரே மட்டத்துக்குக் கிள்ளப்பட்டிருந்தது.

"அக்கா!"

"நான் எங்கடி கிள்ளினேன்? கை தானா போயிருக்கு."

அன்றிலிருந்து மேசோடுகளை மணிக்கட்டில் நாடா போட்டுக் கட்டினேன். அவள் மறுக்கவில்லை. கட்டும்போது கைகளை நீட்டியே வைத்திருந்தாள். "இறுக்கிக் கட்டு," என்றாள். கதவுக்கு அங்கிட்டு போவதென்று அவளும் முடிவு செய்துவிட்டாள் என்று அப்போது தெரிந்தது.

நாள் போகப் போக வெடிப்புகள் மூடின. கறை வெளுத்தது. வாசலில் வெயில் நமுனுகுல மலையைத் தாண்டி வரும் நேரத்தில் அவள் விரலைப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் இடது மோதிர விரலில் மயிரிழை போல இரண்டு மூன்று வளைவுகள். எண்ணிக்கையில் வராத ஒன்றை அறிவிப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அன்றைக்குச் சட்டிகளை இன்னொரு தடவை தேய்த்தேன்.

மறுபடி போனோம். அதே பிள்ளைதான் இருந்தாள். அக்கா மேசோடுகளைக் கழற்றி, அறுவை வைத்தியர் மாதிரி கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் விரல் ஏறவில்லை. இரண்டாவதும் இல்லை. அந்தக் கடிதம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை வைத்தபோது திரையில் சாம்பல் நிறத்தில் கோடுகள் வந்தன. மழைக்குப் பின் மண்பாதையில் ஓடிய தண்ணீர்த் தடம் மாதிரி, விட்டு விட்டு. அந்தப் பிள்ளை கணினியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், போதும் என்றாள்.

அக்கா எழுந்திருக்கவில்லை. திரையைக் காட்டி, "இதுவா நான்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கொஞ்சம் கோணலாத்தான் இருக்கேன்," என்றாள்.

வேன் வந்தது. தடுக்க முயன்று தோற்றேன். ஸ்பிரிங்வெளியிலிருந்து அக்காவோடு கொழுந்து எடுத்தவர்கள், அவர்களுடைய மருமகள்மார், மேல்வீட்டுக்காரர், புளிச்சோறு. பெரகலையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். அங்கேயே இருவர் ஒத்திகையாக அழ ஆரம்பித்தார்கள். அஞ்சு நாளில் திரும்பி வருகிறோம் என்று நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. கட்டுநாயக்கவில் எல்லாரும் கை காட்டினார்கள். அக்கா கண்ணாடிக் கதவுக்குள் போனாள், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மரியாதைக்காக இரண்டு பேருக்குமாக நான்தான் கை காட்ட வேண்டியிருந்தது.

விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைப் பணிப்பெண் எடுத்துக்கொண்டு போனபோது, "கழுவ வேணாமா?" என்று மெல்லக் கேட்டாள்.

கோலாலம்பூரில் குடிவரவு வரிசை. அங்கேயும் விரல் வைக்க வேண்டும். அதை நான் முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன், ஆகவே இரவெல்லாம் அவள் கைகளைப் பற்றித்தான் கவலை. கவுண்டரில் ஒரு தமிழ்ப் பையன். அக்கா சுட்டுவிரல்களை வைத்தாள். கருவி கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை விளக்கு. முத்திரை குத்தி அனுப்பிவிட்டான்.

அடுத்தது நான். விரலை வைத்தேன். சிவப்பு. மறுபடி வைத்தேன். சிவப்பு.

"கைய காட்டுங்கம்மா," என்றான் பையன். வலது சுட்டுவிரல் நுனியில் ரொட்டிக்கல் சுட்ட இடம் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக மினுங்கியது. இடது சுட்டுவிரலில் மரவள்ளி வெட்டிய காயம் குறுக்கே ஓடியது. மற்ற விரல்களைச் சாம்பலும் தும்பும் தேய்த்து வைத்திருந்தன. "என்ன வேலம்மா செய்றீங்க?"

ஓய்வு பெற்ற பிரதம எழுதுநர் என்று சொல்ல வாயெடுத்தேன். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா முந்திக்கொண்டாள்.

"அவ என் தங்கச்சிங்க, தம்பி. கொஞ்ச நாளா வீட்டு வேல செஞ்சா. புது ஆளு. பழக்கமில்ல."

"நீங்க போகலாம்மா. இங்க நிக்கக்கூடாது."

"இவ வரட்டும்."

பையன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் வந்தார், என் விரல்களைத் துடைத்தார், ஊதினார். வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். என் கோப்பில் எல்லாம் இருந்தது: பயணச்சீட்டு, விடுதி, காப்புறுதி, ஓய்வூதிய அட்டையின் பிரதிகூட. யாரும் கேட்கவில்லை. அக்கா கோட்டைத் தாண்டாமல், கோட்டை விட்டும் போகாமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாத. அழுத்தாம வையி. மூச்ச விட்டுட்டு வையி," என்றாள்.

மூச்சை விட்டுவிட்டு வைத்தேன். கடைசியில் ஏதோ ஒரு விரல் ஏறியது. முத்திரை விழுந்தது.

"இவ்வளவு நேரமா?" என்றாள் அக்கா, நான் பக்கத்தில் போனதும்.

"விரல் வேல செய்யலக்கா."

"நாளைக்கி எனக்கு எழுபது. நீ ஒரு சாமானையும் தொடாத. சும்மா இருந்து பழகு."

வெளியே போகும் வழி என்று தலைக்கு மேலே பெரிதாக அம்புக்குறி போட்டிருந்தது. அக்கா அதைப் பார்க்காமல், வழியெல்லாம் தெரிந்தவள் மாதிரி நேர் எதிர்ப்பக்கம் வேகமாக நடக்கத் தொடங்கினாள். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.