மத்தூர் கொட்டகையில் நான் போட்ட சத்தம்

நம் கையெழுத்துப் பத்திரிகைத் தோழிகளே,

இன்று மத்தூர் டென்ட் கொட்டகையில் முதல் ஆட்டம் பார்த்தேன். பெண்கள் பக்க மணலில் என்னருகே உட்கார்ந்திருந்த இளம்பெண் முதல் பாட்டிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

விமர்சனம் எழுதுகிறவள் சும்மா இருப்பேனா? "ஏம்மா, கதையே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள அழுவற?" என்றேன்.

"தெரியுங்கக்கா, மூணாவது வாட்டி பாக்கறேன். எங்கம்மா போயி வருசம் திரும்பிடுச்சு. இன்னும் என்னா அழுவன்னு மாமியார் வூட்ல கேக்கறாங்க. இங்க இருட்டுல யாரும் கேக்க மாட்டாங்க. ரீல் மாத்தறப்பல்லாம் லைட்டப் போட்டுடறாங்க, அதான் கஷ்டம்."

அடுத்த முறை விளக்கு எரிந்ததும் எழுந்து நின்றேன். "இதெல்லாம் ஒரு படமா? பாட்டு சரியில்ல, கதாநாயகிக்கு நடிக்கவே தெரியல!" என்று சத்தம் போட்டேன். கொட்டகையே என்னைத் திரும்பிப் பார்த்தது. முறுக்கு விற்பவர்கூட நின்றுவிட்டார். அவள் நிதானமாக முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் விளக்கு எரிந்தபோதெல்லாம் ஒரு புதுக் குறை கண்டுபிடித்தேன்.

ஆகவே, இன்று கொட்டகையில் என் விமர்சனத்தைக் கேட்டவர்கள் அதை நம்ப வேண்டாம். படம் அருமை. பாட்டுகள் அதைவிட அருமை. கதாநாயகி கடைசிக் காட்சியில் என்னையும் அழவைத்துவிட்டாள்.

நாளை மறுபடியும் போகிறேன். அந்த இளம்பெண்ணும் வருகிறாளாம். திட்டுவதற்குத்தான் என்னிடம் குறை எதுவும் மிச்சமில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் விடிந்ததும் சொல்லி அனுப்புங்கள்.