சுவரைப் பார்த்த நாற்காலி

அறைக்குள் இருப்பவர் எழும் சத்தம் கேட்டதும் அப்பா தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பல்கலைக்கழக ஊழியர்களுக்கான மனநல ஆலோசனை அறை வாசலில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தவர். அழுத முகத்தோடு வெளியே வருகிறவர், தெரிந்தவன் பார்த்துவிட்டானே என்று கூசக் கூடாதாம். சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா இறந்தபின் அவருக்கே தூக்கம் போனது. ஆலோசகர் கவனித்துவிட்டார்.

"அண்ணே, வியாழக்கிழமை மூணு மணி உங்களுக்குத்தான். உள்ள வந்து உட்காருங்க."

"நான் உள்ள வந்துட்டா வெளிய யாரு மேடம் திரும்பி உட்காருவா?" என்று அப்பா சிரித்தார். "ஒருநாள் கண்டிப்பா வர்றேன்."

வியாழன்தோறும் ஆலோசகர் அந்த ஒரு மணி நேரத்தைக் காலியாகவே வைத்திருந்தார். அப்பா வாசலைத் தாண்டவில்லை.

"ஏம்ப்பா, போய்ப் பேசினாத்தான் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ பரீட்சைக்குப் படிம்மா."

படித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியானேன். மறுபடி ஏன் கேட்கவில்லை? கேட்காமலிருப்பது எனக்கும் வசதியாக இருந்ததோ என்னவோ.

போன வருடம் அப்பா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இப்போது நான் அவர் அறைக் கதவைத் திறந்தால், நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நேற்று ஆலோசகர் போன் செய்தார். போனை அப்பாவின் காதருகே பிடித்தேன்.

"அண்ணே, எனக்கு ஒரு மணி நேரம் பாக்கி வச்சிருக்கீங்க. எப்ப வர்றீங்க?"

அப்பா திரும்பவில்லை.