முழங்கால் நோகுது என்று ஒரு பொய்

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறோம். போன வருடம் வரம்பும் தண்ணீரும் ஒரே நிறமாகத் தெரியத் தொடங்கின. விழுந்துவிடுவேனோ என்று பயந்து வயலுக்குப் போவதை விட்டுவிட்டு, "முழங்கால் நோகுது" என்று பொய் சொன்னேன். மகள் தினமும் எண்ணெய் பூசிவிட்டாள். நான் கதிரையிலேயே இருந்தேன்.

ஒருநாள் விடிய, வீட்டு வளவு மூலையில் யாரோ வைக்கோலைக் குவித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் குவியல் காதை ஆட்டியது. யானை! எழும்பப் பார்த்தேன், மாதக்கணக்கில் நடவாத கால்கள் எழும்பவில்லை. "அம்மா, எழும்புங்கோ!" என்று கத்தியபடி மகள்தான் என்னை உள்ளே இழுத்துப் போட்டாள்.

அன்றைக்கே உண்மையைச் சொன்னேன். கண்ணில் புரை என்று சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு வாசல் படலை வரை நடந்தேன், அடுத்து வாய்க்கால் வரை. இப்போது தண்ணீர் பார்க்க வரம்பில் நான்தான் முன்னுக்குப் போகிறேன். "மெல்லமாப் போங்கோ அம்மா, என்னால ஏலாமக் கிடக்கு" என்று பின்னால் மகள்.

ஊரில் யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தால், நான் எண்ணெய் சொல்வதில்லை. வயலைக் காட்டி, "வரம்பு எது, தண்ணி எது, சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்கிறேன்.