சைபர் வைத்த கொக்கி

துறைமுகத்துப் பழைய கிரேனின் நீண்ட கை, சுமை தூக்கும்போது எவ்வளவு வளைகிறது என்று எடுத்த சோதனை அளவுகளைச் சிமுலேஷன் மென்பொருளில் ஏற்றினேன். திரை முழுக்கப் பச்சை. தாங்கும் என்று அர்த்தம். ஆனால் என் கணக்கைவிட அளவுகள் ரொம்பவே குறைவு. சோதனை எடுத்த சக பொறியாளனைக் கேட்டேன்.

“கடல்காத்துல வெறுங்கொக்கி ஆடிக்கிட்டே கெடந்துச்சுலே. பெரிய இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டுட்டுத்தான் மீட்டர்ல சைபர் வச்சேன்,” என்றான், என்னமோ சாதித்தவன் மாதிரி.

பாவி! கட்டியின் எடை அளவிலேயே வராமல் போயிருக்கிறது; அதையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். திரையில் கிரேன் கையின் அடிப்பகுதி செக்கச்செவேலென்று சிவந்தது. ஜன்னலுக்கு வெளியே அதே கிரேன் சரக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆபரேட்டருக்குப் போன் போட்டேன்.

“அண்ணாச்சி, சரக்கை உடனே இறக்குங்க!”

“எங்கன இறக்க? கீழ ஆளுவ நிக்காவளே,” என்றார்.