கண்ணாடி பீரோவில் இருந்த மாஸ்க்குகள்

மாஸ்க் போடாமல் தீக்குள் போனது வீரர்களின் வீம்பு என்று தென்காசி மேடையில் நீங்கள் பேசியது பொய், அன்றைய தீயணைப்பு நிலைய அதிகாரி அவர்களே.

நேற்று குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த ஒருவர், ஈரத்துண்டை முகத்தில் கட்டிப் பேரனுக்குத் திருடன் வேஷம் காட்டினார். எனக்கு அப்பாவின் துண்டு நினைவுக்கு வந்தது. என் சின்ன வயதில், பட்டணத்துத் தீயணைப்புக் குடியிருப்பில் மணி அடித்ததும் அப்பா வாளியில் துண்டை முக்கிக்கொண்டு ஓடுவார். திரும்பி வந்து பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் வடியும். வீடெல்லாம் கருகிய ரப்பர் வாடை அடிக்கும்.

“மாஸ்க் அங்கன கண்ணாடி பீரோவுல மினுங்குது, நீங்க துண்டோட போறீயளே!” என்று அம்மா கத்துவாள்.

“அது பெரிய ஆபீசர் வந்தா காட்டுததுக்கு, ஏட்டி. அதுல கரி பட்டா மெமோ வரும். நெஞ்சுல பட்டா எவன் கேக்கான்?” என்று சிரிப்பார் அப்பா. வாராவாரம் அந்த மாஸ்க்குகளுக்குப் பவுடர் போட்டுத் துடைத்தவரும் அவர்தான். பூட்டியது நீங்கள்.

நேற்று அருவிவரை நடக்க மூச்சில்லாமல் அப்பா காரிலேயே இருந்தார்.

அதே மேடையில் ஏறுங்கள். அவரோடு வேலை பார்த்தவர்களை நான் கூட்டி வருகிறேன். ஏன் பூட்டினீர்கள் என்று ஊரறிய அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.